ஸ்கான் பார்த்து ஊசியால் சதை எடுப்பது: போக முன் தெரிந்திருக்க வேண்டியவை

வாவிக்கரை | 18.02.2025, இரவு 8.10

மாமிக்கு 62 வயசு. கல்லீரலில கட்டி ஒண்டு இரிக்கு எண்டு ஸ்கானில வந்திருக்கு. பயொப்சிக்கு, அதான் ஊசியால சதை எடுத்துப் பாக்கிறதுக்கு, திகதி குடுத்திருக்காங்க. ஊருக்க ஆக்கள் எல்லாம் ஒரே கதைதான்: ஊசி பட்டா புற்றுநோய் உடம்பெல்லாம் பரவும், குத்த விடாதீங்க எண்டு. மாமி இதயத்துக்கு அஸ்பிரின் வேற குடிக்கிறவ. அதை இண்டைக்கே நிப்பாட்டட்டா எண்டு கேக்கிறா. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

ஊசிமுனை | 18.02.2025, இரவு 9.25

அஸ்பிரின் கதையை நாளைக்குத் தனியாக எழுதுகிறேன். அதுவரை மாமி எந்தக் குளிசையையும் தானாக நிறுத்த வேண்டாம்.

பரவும் கதைக்கு வருவோம். ஊசி போன பாதையில் கட்டியின் கலங்கள் சிந்தி அங்கே வளர்வது நடக்கக்கூடியதுதான். நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். ஆனால் அது உறுப்பையும் கட்டியின் வகையையும் பொறுத்தது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயில் நூறில் மூன்று பேருக்கும் குறைவு. தைரொய்ட்டில் மெல்லிய ஊசியால் நடப்பது மிக மிக அரிது. மார்பகத்தில் சில கலங்கள் இடம் மாறிக் கிடப்பது நுணுக்குக்காட்டியில் தெரிவதுண்டு, அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஊர்க்கதை நிலைத்து நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நோய் முற்றியிருப்பது பயொப்சி ரிப்போட் வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவருகிறது. பழி ஊசியின் தலையில் விழுகிறது.

மாமியின் விசயத்தில் கிளினிக்கில் கேட்க வேண்டியது வேறு. ஈரல் ஏற்கெனவே சுருங்கிப் போயிருக்கிறதா, நாட்பட்ட ஹெபடைற்றிஸ் பி இருக்கிறதா? இருந்தால், சாயம் ஏற்றி மூன்று நாலு கட்டமாக எடுக்கும் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. மட்டுமே போதுமாகலாம். நாடி வழியாகச் சாயம் வரும் கட்டத்தில் கட்டி பளிச்சென்று வெளுத்து, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப் போனால் அது ஈரல் புற்றுநோய் என்று ஊசி இல்லாமலே முடிவெடுப்பார்கள். ஈரல் நல்லபடி இருந்து, கட்டி வேறு எங்கிருந்தோ வந்ததாகத் தோன்றினால் சதை எடுத்தே ஆகவேண்டும். “இந்த ஊசி எந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறது, அந்தப் பதிலால் வைத்தியம் மாறுமா?” இதைக் கேட்டால் எந்த வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

ஊசிமுனை | 19.02.2025, மாலை 6.40

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். இந்த இழையில் ஒன்றைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

தைரொய்ட், மார்பகம், கழுத்துக் கழலை போல மேலோட்டமான இடங்களுக்கு அஸ்பிரினை நிறுத்துவது பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே இரத்தம் கசிந்தாலும் விரலால் அழுத்தி நிறுத்தலாம். கல்லீரல், சிறுநீரகம் போல ஆழத்தில் இருப்பவற்றை வெளியிலிருந்து அழுத்த முடியாது. கணக்கு மாறுவது அதனால்தான்.

ஆழமான உறுப்புகளுக்குப் பொதுவாகப் பின்பற்றுவது இது. குளோபிடோகிரலை ஐந்து நாள் முன்னர் நிறுத்துவார்கள். வோபரினையும் ஐந்து நாள் முன்னர் நிறுத்தி, ஊசிக்கு முன் ஐ.என்.ஆர். (இரத்தம் உறையச் சுணங்குவதைக் காட்டும் எண்) பார்ப்பார்கள். 1.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தயக்கமில்லாமல் குத்துவார்கள். இரத்தத் தட்டுக்கள் 50,000க்கு மேல் இருக்க வேண்டும். வயிற்றில் போடும் எனொக்ஸபாரின் சிகிச்சை அளவில் போகிறது என்றால் கடைசி ஊசிக்கும் பயொப்சிக்கும் இடையில் 24 மணி நேரம் விட வேண்டும். ரிவரொக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு சுமார் இரண்டு நாள், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் கூட. அஸ்பிரினில் மட்டும் இடத்துக்கு இடம் வழக்கம் வேறு. சிலர் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள், சிலர் தொடரச் சொல்வார்கள்.

இந்த நாள் கணக்கைப் பார்த்து நீங்களாக நிறுத்துவதற்காக எழுதவில்லை. இதய நாடியில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்து ஒரு வருடம் ஆகாதவர், இதய வால்வு மாற்றியவர், அண்மையில் பாரிசவாதம் வந்தவர் ஆகியோருக்கு மருந்தை நிறுத்துவதால் வரும் ஆபத்து ஊசியின் ஆபத்தைவிடப் பெரிது. மருந்து எழுதிய வைத்தியரும் ஊசி குத்தும் வைத்தியரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விசயம். இருவரும் வேறு வேறு வைத்தியசாலையில் இருந்தால் அந்தப் பேச்சு கடிதத்தில்தான் நடக்கும், கடிதத்தைச் சுமந்து போகிறவர் நீங்கள். கிளினிக் கொப்பி, நோயறிதல் அட்டை, வீட்டில் இருக்கும் குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். “வெள்ளைக் குளிசை, இரவில ஒண்டு” என்பதை வைத்து எவரும் எதையும் முடிவெடுக்க முடியாது.

முழங்கால் வலிக்கு பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக்கையும் சொல்ல வேண்டும். அதை யாரும் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. மீனெண்ணெய்க் குளிசையையும் நாட்டு வைத்தியரின் கசாயத்தையும் கூடச் சொல்லுங்கள்.

படுவான்கரை | 19.02.2025, இரவு 10.02

நோகுமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஊசிமுனை | 20.02.2025, காலை 6.15

விறைப்பூசி போடும்போது எரியும். லிக்னொகெயின் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, பத்து இருபது செக்கன் எரிந்துவிட்டு மரத்துப் போகும். அதற்குப் பிறகு அழுத்தம் தெரியும், கூர்மையான வலி தெரியக்கூடாது. தெரிந்தால் வாய் திறந்து சொல்லுங்கள், இன்னும் போடலாம். அதற்கும் எல்லை உண்டு. உடல் நிறையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம், அதாவது 1% மருந்தில் 18 மில்லிலீற்றர், 2% மருந்தில் பாதி. ஒரு பயொப்சிக்குப் பொதுவாக 5 முதல் 10 மில்லிலீற்றருக்குள் முடிந்துவிடும். முன்பு பல்லுப் பிடுங்கும்போது விறைப்பூசியால் மயக்கமோ தடிப்போ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நடக்கும் ஒழுங்கு: படுக்க வைப்பார்கள், முதலில் ஸ்கான் பார்ப்பார்கள். இதில் நேரம் போகும், பொறுமை வேண்டும். ஊசி போகும் வழியில் இரத்தக் குழாய், பித்தப்பை, குடல் எதுவும் இல்லாத கோட்டைத் தேடுகிறார்கள். தோலைக் கழுவி, துணி விரித்து, விறைப்பூசி. பிறகு தோலில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீறல், தையல் வேண்டியதில்லை. அந்தக் கீறல் வழியாக ஊசி கட்டியின் விளிம்புவரை போகும். அங்கே நிறுத்தி, விசையை அழுத்தினால் உள்ளூசி சுமார் இரண்டு சென்ரிமீற்றர் முன்னால் பாயும், அதன்மேல் வெளி உறை பாய்ந்து சதையை வெட்டிக்கொண்டு நிற்கும். “டக்” என்று ஸ்ரேப்ளர் அடிப்பது போலச் சத்தம். பலர் துள்ளுவது வலியால் அல்ல, இந்தச் சத்தத்தால். குத்த முன்னர் ஒரு தடவை வெறுமனே அடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பெரும்பாலும் இரண்டு முதல் நாலு துண்டு எடுப்பார்கள். 18 கேஜ் ஊசியின் வெளி விட்டம் 1.27 மில்லிமீற்றர்தான். இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும்: 14 கேஜ் 2 மில்லிமீற்றரைத் தாண்டும், 25 கேஜ் அரை மில்லிமீற்றர். “எனக்கு 25ஆம் நம்பர் பெரிய ஊசி போட்டவங்க” என்று பயந்து சொல்கிறவருக்கு உண்மையில் மிக மெல்லிய ஊசிதான் போட்டிருக்கிறார்கள்.

ஊசிமுனை | 20.02.2025, மதியம் 1.30

காலையில் விட்டது: மூச்சு. ஈரலும் நுரையீரலும் சிறுநீரகமும் மூச்சோடு மேலும் கீழும் ஓடும். ஸ்கானில் பார்க்கும்போது எவ்வளவு மூச்சில் நிறுத்தினீர்களோ அதே அளவில்தான் குத்தும்போதும் நிறுத்த வேண்டும். நல்லபிள்ளையாக நெஞ்சு முட்ட இழுத்தால் கட்டி இடம் மாறிவிடும். சாதாரண மூச்சை விட்ட இடத்தில் நிறுத்தி, பத்து செக்கன் பிடிக்க வீட்டில் பழகுங்கள்.

அம்பாறைக்கோ மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போகிறவர்கள் மூச்சுக்கான சொல்லை மேசையில் ஏற முன்னரே பேசி வையுங்கள். சிங்களத்தில் “ஹுஸ்ம கன்ன” என்றால் மூச்சை இழு, “அல்லாகன்ன” என்றால் பிடி. ஊசி உள்ளே நிற்கும்போது மொழிபெயர்க்க ஆள் தேடக்கூடாது. சம்மதப் படிவமும் அப்படியே: கையெழுத்துக்கு முன் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வாவிக்கரை | 21.02.2025, இரவு 7.48

மாமி வெத்திலை இல்லாம ஒரு மணித்தியாலம் இரிக்க மாட்டா. அதுக்கும் ஏதும் சட்டம் இரிக்கா?

ஊசிமுனை | 21.02.2025, இரவு 8.05

ஈரல் பயொப்சிக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்லியிருப்பார்கள், வெற்றிலையும் அதற்குள் அடக்கம். தைரொய்ட் என்றால் வெறும் வயிறு தேவையில்லை, ஆனால் கட்டாயம் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வர வேண்டும். தைரொய்ட்டில் ஊசி நிற்கும் நேரம் விழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது. வெற்றிலை போட்ட வாய் இரண்டையும் செய்யும்.

சிலைட் கண்ணாடி | 23.02.2025, காலை 9.10

குத்துகிற பக்கத்தை ஊசிமுனை எழுதிவிட்டார். போத்தல் பக்கத்தை ஆய்வுகூடக்காரன் எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல துண்டு கெட்டுப்போவது பெரும்பாலும் எங்களிடம் வந்து சேர முன்னர்.

சாதாரண நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு 10% போமலின், அதாவது சதை கெடாமல் வைக்கும் திரவம். துண்டின் கனவளவைப்போல் பத்து இருபது மடங்கு திரவம் இருக்க வேண்டும். நூல் போன்ற துண்டுக்கு சிறு போத்தலே தாராளம். ஆனால் பெரிய சதையைச் சிறிய போத்தலில் அமுக்கி அடைத்தால் நடுப்பகுதி அழுகும். போத்தலை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம். திரவம் குறைந்ததென்று தண்ணீர் விட வேண்டாம். மூடி கசிந்தால் கையில் படாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பஸ்ஸில் அந்த நெடி பக்கத்துச் சீற்காரரையும் எழுப்பும்.

இப்போது முக்கியமானது. காசநோய்க் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அந்தத் துண்டு போமலினில் போகக்கூடாது. போமலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு எத்தனை கிழமை வைத்தாலும் எதுவும் முளைக்காது. அதற்கு உப்புநீர், அதாவது சேலைன். கழுத்துக் கழலை குத்தும்போது புற்றுநோயா காசநோயா என்ற இரண்டு கேள்வியும் இருந்தால் இரண்டு போத்தல் வேண்டும். சிறுநீரகத் துண்டிலும் இதே கதை. ஒளிரும் சாயப் பரிசோதனைக்கு ஒரு பகுதி போமலின் படாமல் தனியாகப் போக வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகித்தாலும் முன்கூட்டியே ஆய்வுகூடத்தோடு பேசியிருக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டு போத்தலின் உடம்பில் ஒட்ட வேண்டும், மூடியில் அல்ல. மூடி கழன்றால் பெயரும் கழன்றுவிடும். பெயர், வயது, கிளினிக் இலக்கம், எந்த உறுப்பு, வலமா இடமா, எடுத்த நேரம். போத்தலைக் கையில் தந்தால் அங்கேயே நின்று வாசியுங்கள். எங்கள் பக்கம் ஒரே பெயரில் நாலு பேர் ஒரே கிளினிக்கில் இருப்பது புதினமில்லை.

ஊசிமுனை | 23.02.2025, காலை 11.20

சிலைட் கண்ணாடி சொன்னதோடு ஒன்று: இரண்டு போத்தலா என்ற கேள்வியை ஊசிக்கு முன்னர் கேளுங்கள். துண்டு போமலினில் விழுந்த பிறகு கேட்டால் இரண்டாவது தடவை குத்துவதுதான் வழி.

ஊசிமுனை | 25.02.2025, இரவு 9.00

நுரையீரலில் துண்டு எடுத்த பிறகு கட்டாருக்கு விமானம் ஏறலாமா என்று தனிச் செய்தியில் கேட்டவருக்கு. கேள்வி மற்றவர்களுக்கும் பொருந்தும் என்பதால் இங்கே.

நுரையீரலின் ஓரத்தைத் தாண்டி ஊசி போனால் நெஞ்சறைக்குள் காற்றுக் கசிவது எதிர்பார்க்க வேண்டிய விசயம். சி.ரி. பார்த்துத் தடித்த ஊசியால் துண்டு எடுப்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு ஏதோ அளவில் காற்றுக் கசியும். பெரும்பாலானவை சிறியவை, தானாக உறிஞ்சப்பட்டுவிடும். குழாய் போட வேண்டி வருவது நூறில் ஐந்தாறு பேருக்கு. நெடுங்காலம் சுருட்டு, பீடி, சிகரெட் குடித்து நுரையீரல் பொள்ளிப் போனவர்களுக்கும் கட்டி ஆழத்தில் இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

குத்தி முடிந்ததும் குத்திய பக்கம் கீழே வரும்படி படுக்க வைப்பார்கள். அந்தப் பக்க நுரையீரல் அசைவு குறைந்து துவாரம் அடைபடும். பேசாமல், இருமாமல் கிடப்பதே நோயாளியின் பங்கு. இருமல் அடங்காதவர் முன்பே சொன்னால் மருந்து தருவார்கள், அல்லது வேறு நாள் போடுவார்கள். ஊசி உள்ளே இருக்கையில் இருமுவதைவிட அது நல்லது. ஒரு மணி நேரத்திலும் பிறகு ஒரு தடவையும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். சளியில் கொஞ்சம் இரத்தம் ஓரிரு நாள் வரலாம். கரண்டி கரண்டியாக வந்தால், மூச்சு வாங்கினால், ஒரு பக்க நெஞ்சோ தோள்மூட்டோ குத்தினால் காலைவரை காத்திருக்கக் கூடாது.

அவர் கேட்டது கட்டார் ரிக்கெட் பற்றி. காற்றுக் கசியாவிட்டாலும் சில நாள் விமானம் வேண்டாம். கசிந்திருந்தால் எக்ஸ்ரேயில் முற்றாக மறைந்த பிறகு குறைந்தது ஒரு கிழமை. மேலே போகப்போக அழுத்தம் குறைந்து, அடைபட்ட காற்று விரியும். ரிக்கெட் மாற்றக் காசு போகும்தான். பயொப்சித் திகதி குறிக்கும்போதே பயணத் திகதியைச் சொல்லியிருந்தால் அந்தக் காசும் மிஞ்சும்.

மருதமுனை காக்கா | 27.02.2025, இரவு 8.30

நோன்பு தொடங்கப் போகுது. எங்கட ராத்தாவுக்கு மார்ச் முதல் கிழமையில ஈரல் பயொப்சி. நோன்போட போகலாமா?

ஊசிமுனை | 27.02.2025, இரவு 9.50

காக்கா, மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடம் கேளுங்கள். மருத்துவப் பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

வெறும் வயிறு என்ற அளவில் நோன்பு பிரச்சினையில்லை. அதற்குப் பிறகுதான் பிரச்சினை. குத்திய பிறகு வலிக்குக் குளிசை குடிக்க வேண்டும், கொஞ்சம் இரத்தம் கசிந்தாலும் தண்ணீர் வற்றிய உடம்பில் பிரசர் சட்டென்று இறங்கும். தாதி நாடி பார்க்கும்போது துடிப்பு கூடியிருந்தால் அது நோன்பாலா கசிவாலா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும், அது வீண் குழப்பம். ராத்தாவுக்குச் சீனி வருத்தமும் இருந்து இன்சுலின் போடுகிறா என்றால், கட்டாயம் காலையில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், அன்றைய இன்சுலின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லாத பயொப்சியைப் பெருநாளுக்குப் பின் தள்ளலாமா என்றும் கேட்கலாம். புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாக இருந்தால் தள்ள வேண்டாம்.

தைரொய்ட், மார்பகம் என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை.

திருக்கோவில் தங்கச்சி | 01.03.2025, மாலை 5.15

மார்புக்கு எப்.என்.ஏ.சி., அதான் மெல்லிய ஊசியால உறிஞ்சி எடுக்கிற சோதனை, செய்தாச்சு, இப்ப திரும்பவும் பெரிய ஊசி போடோணும் எண்டு சொல்றாங்க. முதல் ஊசி பிழையா போட்டவங்களா? பெண் டொக்டர் கேக்கலாமா?

ஊசிமுனை | 01.03.2025, இரவு 10.10

பிழையல்ல தங்கச்சி. மெல்லிய ஊசி தனித்தனிக் கலங்களைத்தான் உறிஞ்சும். அந்தக் கலங்கள் கெட்டவையா என்று சொல்லலாம். பால்குழாயின் சுவருக்குள்ளேயே நிற்கின்றனவா, சுவரைத் தாண்டி விட்டனவா என்று சொல்ல முடியாது, சுவரே அதில் வராது. 14 கேஜ் ஊசித் துண்டில் அமைப்பு குலையாமல் வரும். அதில்தான் ஓமோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் நம்பத்தகுந்த முறையில் பார்க்கலாம். எந்த மருந்து, சத்திரசிகிச்சை முதலா மருந்து முதலா என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

நாலு முதல் ஆறு துண்டு எடுப்பார்கள். முடிந்ததும் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், “காயவில்லையா” என்று ஒவ்வொரு நிமிடமும் தூக்கிப் பார்த்தால் அழுத்தியதற்குப் பலனில்லை. அன்றும் மறுநாளும் இறுக்கமான உள்ளாடை போடுங்கள், இரவிலும். கண்டல் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு கிழமையில் போகும். கல்லுப் போல வீங்கிக்கொண்டே போனால், சிவந்து காய்ச்சல் வந்தால் திரும்பிப் போக வேண்டும். பால் கொடுப்பவர் நிறுத்த வேண்டியதில்லை.

பெண் வைத்தியரைக் கேட்கலாம், கிடைப்பது அன்றைய ஆளணியைப் பொறுத்தது. ஒரு பெண் தாதியோ உதவியாளரோ அறையில் நிற்க வேண்டும் என்பதை உறுதியாகக் கேளுங்கள்.

சிலைட் கண்ணாடி | 02.03.2025, காலை 7.30

மார்பகத் துண்டுக்கு நேரக் கணக்கு உண்டு. எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் போமலினில் விழ வேண்டும், போமலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் கிடக்க வேண்டும். தாண்டினால் ஏற்பிகள் இல்லை என்று பொய்யாகக் காட்டக்கூடும், கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்த போத்தலை, நாளைக்குப் பார்ப்போம், நாளன்றைக்குப் பார்ப்போம் என்று வீட்டு அலுமாரியில் வைத்து செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வெளி ஆய்வுகூடத்துக்கு உங்கள் கையில்தான் தருகிறார்கள் என்றால் அன்றே சேர்த்துவிடுங்கள்.

படுவான்கரை | 03.03.2025, இரவு 9.15

அண்ணனுக்குச் சிறுநீரகத்தில துண்டு எடுக்கப் போறாங்க. வேளாண்மை வெட்டு நடக்குது. எத்தனை நாளில மூடை தூக்கலாம்?

ஊசிமுனை | 03.03.2025, இரவு 10.00

இந்த வெட்டில் இல்லை. இரண்டு கிழமைக்குப் பாரம் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வயல் வரம்பு வழியே குலுங்கிப் போவதும் பாரம் தூக்குவதற்குச் சமம்தான். ஈரலுக்கு ஒரு கிழமை, நுரையீரலுக்கும் அப்படியே. தைரொய்ட்டுக்கு மறுநாளே வேலைக்குப் போகலாம்.

சிறுநீரகத்துக்குக் குப்புறப் படுக்க வேண்டும், வயிற்றின் கீழ் ஒரு தலையணை. பிரசர் 140க்கு 90ஐத் தாண்டி நின்றால் பலர் குத்த மாட்டார்கள், ஏனென்றால் உயர் அழுத்தத்தில் கசிவு நிற்காது. ஆகவே அன்று காலைப் பிரசர்க் குளிசையை “வெறும் வயிறு” என்று விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஒரு மிடறு தண்ணீரோடு குடிக்கலாமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். குத்திய பிறகு மல்லாக்கப் படுத்து, போகும் சிறுநீரை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பு ஓரளவு எதிர்பார்த்ததே. இரத்தம் கட்டி கட்டியாக வந்தால், சிறுநீர் அடைத்தால் உடனே திரும்புங்கள். வீட்டுக்கு விட்ட பிறகும் அடுத்த சில நாளில் இது வரக்கூடும்.

ஊசிமுனை | 04.03.2025, காலை 6.20

வாவிக்கரையின் மாமிக்கு நாளை என்று தனிச் செய்தியில் சொன்னார். ஈரலுக்குப் பிந்திய கவனிப்பு:

வலப்பக்கமாக இரண்டு மணி நேரம் படுக்கை, மொத்தம் நாலு முதல் ஆறு மணி நேரம் கண்காணிப்பு. முதல் மணியில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியும் பிரசரும் பார்ப்பார்கள். வலது தோள் நோகலாம். தோளில் எதுவும் இல்லை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்தகட்டின் நரம்பு ஈரல் பக்கத்து வலியைத் தோளில் காட்டுகிறது. பரசிற்றமோல் போதும், டைக்ளோபினாக் வேண்டாம். ஈரல் பலவீனமானவருக்குப் பரசிற்றமோலும் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நாலு.

பயப்பட வேண்டிய அறிகுறிகள்: வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வயிறு உப்புவது, வியர்த்துத் தலைசுற்றுவது, நாடி நூறைத் தாண்டுவது. பெரிய கசிவுகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும். அதனால்தான் பொத்துவில், வாகரைப் பக்கத்து ஆக்கள் அன்றிரவே திரும்பி ஓடக்கூடாது என்கிறோம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கு மேல். அன்றிரவு வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், கூட ஒரு ஆள் விழித்திருக்கட்டும்.

ஊசிமுனை | 05.03.2025, இரவு 8.40

குத்தக் கூடாத, அல்லது யோசித்துக் குத்த வேண்டிய இடங்கள். சுருக்கமாக. விதைக் கட்டியைப் பையின் தோல் வழியாகக் குத்துவதில்லை, முழுதாக எடுத்துத்தான் பார்ப்பார்கள். வெட்டி எடுக்கக்கூடிய சூலகக் கட்டியையும் ஊசியால் ஓட்டை போடுவதில்லை, உள்ளிருப்பது வயிற்றுக்குள் கொட்டும். கை கால் தசையில் பெரிய கட்டி என்றால் வெட்டப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரே ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும், பிறகு அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் கட்டி என்றால் முதலில் அட்ரினலின் வகை ஓமோன் சுரக்கிறதா என்று இரத்தத்தில் அல்லது சிறுநீரில் பார்க்க வேண்டும். பார்க்காமல் குத்தினால் பிரசர் வெடித்துக் கிளம்பும்.

தைரொய்ட்டில் ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழ்ப்பட்ட முடிச்சையும் நீர் மட்டும் நிறைந்த முடிச்சையும் பெரும்பாலும் குத்தாமல் விடுவார்கள். “ஏன் எனக்கு மட்டும் செய்யல்ல” என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

வாவிக்கரை | 12.03.2025, இரவு 7.20

மாமிக்கு நல்லபடி முடிஞ்சுது. ஆனா ரிப்போட்டில ‘போதிய திசு இல்லை, அழிந்த கலங்கள் மட்டும்’ எண்டு வந்திருக்கு. மச்சான் சொல்றான் புற்றுநோய் இல்லை எண்டு அர்த்தமாம். நேத்திக்கடன் வைக்கவும் போயிட்டாங்க.

சிலைட் கண்ணாடி | 12.03.2025, இரவு 8.00

நேர்த்தியை நிறைவேற்றட்டும், அதோடு கிளினிக்குக்கும் போகட்டும். ‘போதாது’ என்றால் விடையில்லை என்று அர்த்தம், நோயில்லை என்று அர்த்தமல்ல. பெரிய கட்டியின் நடுப்பகுதி இரத்தம் போதாமல் அழிந்து கிடக்கும். ஊசி நடுவில் போய் அதை மட்டும் எடுத்து வந்திருக்கலாம். உயிருள்ள பகுதி ஓரத்தில் இருக்கும்.

ஊசிமுனை | 12.03.2025, இரவு 9.35

சரி. அடுத்த தடவை ஓரத்தைக் குறிவைப்பார்கள். முதல் ரிப்போட்டைக் கட்டாயம் குத்துபவரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் அவர் திரும்பவும் நடுவுக்கே போகலாம்.

‘தீங்கற்றது’ என்று வந்தாலும் அதே எச்சரிக்கை. ஸ்கான் மிக மோசம் என்று சொல்லி, துண்டு நல்லது என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொருந்தவில்லை. அந்த இடத்தில் நிம்மதியாக வீட்டுக்குப் போகாமல், “ஸ்கானும் இதுவும் ஒத்துப் போகுதா?” என்று கேட்க வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் மறுபடி ஊசி, அல்லது சத்திரசிகிச்சை.

தைரொய்ட் ரிப்போட்டில் பெதெஸ்டா என்று ஒன்று முதல் ஆறுவரை எண் வரும். ஒன்று என்றால் போதாது, இரண்டு தீங்கற்றது, ஆறு புற்றுநோய். மூன்றைப் பார்த்ததும் பாதிப் புற்றுநோய் என்று கணக்குப் போடாதீர்கள், அது தெளிவற்றது என்பதற்கான எண். நாலில் ஊசியால் மேலே போக முடியாது. கட்டியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க முடிச்சையே எடுக்க வேண்டும்.

வாவிக்கரை | 14.03.2025, மாலை 6.00

திரும்பவும் குத்தச் சொல்லிட்டாங்க, மாமியும் சம்மதம். அதுக்குள்ள மகரகமையிலயும் ஒருக்கா காட்டுவம் எண்டு மச்சான் நிக்கிறான். ரிப்போட்டைக் கொண்டு போனா காணுமா?

சிலைட் கண்ணாடி | 14.03.2025, இரவு 7.15

காணாது. எடுத்த துண்டை மெழுகில் பதித்துக் கட்டியாக வைத்திருப்போம், அது வருடக்கணக்கில் கெடாது. அந்த மெழுகுக் கட்டியையும் சிலைட்டுகளையும் கடனாகத் தரும்படி ஆய்வுகூடத்தில் கடிதம் கொடுத்துக் கேளுங்கள், கையொப்பம் வாங்கிக்கொண்டு தருவார்கள். ரிப்போட் இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள், பெயரை மட்டும் சொன்னால் தேட ஒரு நாள் போகும். சிலைட்டுகளைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் அல்ல. மெழுகுக் கட்டியை வெயிலில் நிற்கும் வானின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்து உருக்கிவிடாதீர்கள்.

ஊசிமுனை | 14.03.2025, இரவு 7.40

சி.ரி. பதிந்த தட்டையும் எடுத்துப் போங்கள். ரிப்போட் தாளில் கட்டி எத்தனை சென்ரிமீற்றர் என்றுதான் இருக்கும், எந்த வழியாகக் குத்தலாம் என்பது படத்தில்தான் தெரியும். போக முன் வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.